தக்காளிக்கு விலை வைப்பது யாரு?

மலருக்கு ஏதாவது எழுதிக் குடு என்று கேட்டார்கள். குழு ஆரம்பித்த கதையை மற்றவர்கள் எழுதுகிறார்கள், அதனால் நான் தக்காளியின் கதையை எழுதுகிறேன். சிரிக்காதீங்க. விவசாயக் கடன் என்று நம்ம குழுக்களில் வாங்கினதில் தக்காளிக்கு வாங்கினது எவ்வளவு, அதில் தவணை நின்று போனது எவ்வளவு என்று தீர்மான நோட்டைப் புரட்டினாலே தெரிந்துபோகும். காளவாசலில் இருந்து தேனி ரோட்டில் மேற்கே போனால் நாகமலை புதுக்கோட்டை, செக்கானூரணி, உசிலம்பட்டி வரைக்கும் கிணத்துத் தண்ணி இருக்கிற இடத்தில் எல்லாம் ஒரு தடவையாவது தக்காளி போட்டுப் பார்க்காத வீடு குறைவு. வெள்ளாமை நல்லா வந்தும் கையில் காசு நிற்காத பயிர் இது. அது ஏன் என்று தெரிஞ்சுக்க சந்தையின் கதையைத்தான் பார்க்க வேண்டியிருக்கு.

முதலில் செடியைப் பத்தி இரண்டு வார்த்தை. தக்காளி நம்ம ஊர்ச் செடி இல்லை. தென் அமெரிக்காவில் ஆண்டிஸ் மலைப் பக்கம் தானாக முளைத்துக் கிடந்தது, மெக்சிகோவில் பயிராகி, வெள்ளைக்காரர்கள் கப்பலில் ஏறி உலகம் சுத்தி இங்கே வந்தது. பேர் மட்டும்தான் நம்முடையது. மணத்தக்காளி, சிறு தக்காளி எல்லாம் ஏற்கனவே நம்ம வேலியோரத்தில் இருந்தது. புதுசா வந்ததுக்கு சீமைத் தக்காளி என்று பேர் வைத்தார்கள், அப்புறம் சீமை உதிர்ந்து வெறும் தக்காளி ஆகிவிட்டது. எங்க அப்பத்தா வைத்த குழம்பெல்லாம் புளிக்குழம்புதான். தக்காளி இல்லாமல் தாளிக்க முடியாது என்ற நிலைமை வந்தது பிறகுதான்.

நம்ம பக்கம் இது பெருகினதுக்கு பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரிக்கு ஒரு பங்கு உண்டு. தேனிக்குப் பக்கத்தில் அன்னஞ்சி என்று ஒரு ஊர். அந்தப் பேரில் இருந்த உள்ளூர் ரகத்தில் இருந்து மாற்றம் உண்டாக்கிப் பொறுக்கி எடுத்த ரகம்தான் பிகேஎம் 1. பிகேஎம் என்றால் பெரியகுளம். பழம் கொஞ்சம் தட்டையாக, காம்புப் பக்கம் பச்சையாக இருக்கும், லாரியில் தூரம் போனாலும் தாங்கும். 135 நாள் பயிர். ஹெக்டேருக்கு 30 முதல் 35 டன் என்று விவசாயப் புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள். ஏக்கருக்குப் பார்த்தால் 12 டன்னுக்கு மேலே. இப்போ கம்பெனி வீரிய ரகங்கள் வந்து, குச்சி கட்டி, சொட்டு நீர் போட்டு அதைவிட அதிகமும் எடுக்கிறார்கள்.

விளைச்சல் கூடினது நல்லதுதானே என்று தோணும். ஆனா நெல் குதிரில் இருக்கும், புளி பானையில் இருக்கும், பருத்தி மூட்டையில் இருக்கும். விலை சரியில்லை என்றால் ஒரு மாசம் வைத்திருந்து போடலாம். பழுத்த தக்காளி மூணு நாள், நாலு நாள்தான். செடியில் விட்டாலும் அழுகும், பறித்து வைத்தாலும் அழுகும். "எனக்கு இந்த விலை கட்டாது, திருப்பி எடுத்துட்டுப் போறேன்" என்று சொல்ல முடியாத பொருள் தக்காளி. வாங்குறவருக்கு இது நல்லாத் தெரியும்.

பழைய மண்டி நடைமுறையை இந்த மலரைப் படிக்கிற வயசுப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். மதுரைக்குக் காய்கறி மார்க்கெட் என்றால் அப்போ மீனாட்சி கோவிலுக்குப் பக்கத்தில் இருந்த சென்ட்ரல் மார்க்கெட்தான். பின்னாடி அது மாட்டுத்தாவணிக்குப் போனது. பரவையிலும் மொத்த மார்க்கெட் இருக்கு. எங்க மாமியார் வயசில் கூடையில் கொண்டுபோய் இறக்கினார்கள், இப்போ பிளாஸ்டிக் பெட்டி. பெட்டிக்கு 14 கிலோ, 15 கிலோ என்பது கணக்கு. மண்டியில் இறக்கினதும் சரக்கு நம்ம கையை விட்டுப் போயிரும். விலையை அவர்கள் பேசுவார்கள். சில இடங்களில் துண்டைப் போட்டு மறைத்து, அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவது உண்டு. விளைவித்தவர் பக்கத்தில் நின்றாலும் விரல் என்ன சொன்னது என்று தெரியாது. கடைசியில் ஒரு சீட்டு வரும். அதில் கமிஷன் 100-க்கு 10 கழியும், இறக்குகூலி கழியும், கழிவு என்று பெட்டிக்கு ஒரு கிலோ கழியும். மிச்சம்தான் நமக்கு.

இதில் யாரையும் திருடன் என்று நான் சொல்ல வரவில்லை. மண்டிக்காரர் இல்லாவிட்டால் 50 பெட்டியை ஒரே விடியக்காலையில் யாரு வாங்குவா? அவரும் கடைக்காரர்களுக்குக் கடன் கொடுத்து, வாராக்கடனும் தாங்கித்தான் ஓட்டுகிறார். விஷயம் அட்வான்ஸில் இருக்கு. நாற்று, உரம், மருந்து வாங்கக் காசு இல்லாதபோது அதே மண்டியில் முன்பணம் வாங்குவோம். அதுக்கு வட்டி இல்லை என்பார்கள். ஆனா சரக்கை அங்கேதான் போடணும், அன்னைக்கு என்ன விலையோ அதை எடுத்துக்கணும். வட்டி சீட்டில் இருக்காது, விலைக்குள்ளே இருக்கும். எங்க வீட்டிலும் ஒரு வருசம் இப்படி வாங்கினோம். பக்கத்துத் தோட்டத்துப் பழத்துக்கும் எங்க பழத்துக்கும் ஒரே நாளில் பெட்டிக்கு 30 ரூபாய் வித்தியாசம் வந்தது. கேட்டதுக்கு "உங்க பழம் பொடி" என்றார்கள்.

இப்போ ஒரு கணக்கு. இது எந்த ஆபீசு கணக்கும் இல்லை, நாமளே கையில் போட்டுப் பார்க்கிறதுதான். உங்க ஊர்க் கூலி வேற என்றால் உங்க கூலியைப் போட்டுக்குங்க. ஒரு பெட்டி 14 கிலோ. பறிகூலி 20 ரூபாய், வண்டி வாடகை 15, ஏத்தி இறக்க 5. ஆக 40 ரூபாய். தக்காளி என்ன விலைக்குப் போனாலும் இந்த 40 மாறாது. கமிஷன் 100-க்கு 10.

கிலோ 20 ரூபாய்க்குப் போனால் பெட்டி 280. கமிஷன் 28, செலவு 40 போக 212 கையில். கிலோவுக்கு 15 ரூபாய் நிற்கும். கிலோ 5 ரூபாய்க்குப் போனால் பெட்டி 70. கமிஷன் 7, செலவு 40 போக 23 ரூபாய். கிலோவுக்கு 1 ரூபாய் 60 பைசா சொச்சம். கிலோ 3 ரூபாய்க்குப் போனால் பெட்டி 42. கமிஷனும் செலவும் சேர்ந்து 44 ரூபாய் 20 பைசா. அதாவது பறித்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பெட்டிக்கு இரண்டு ரூபாய் நாமளும் சேர்த்துக் கொடுத்துட்டு வரணும். இதில் நாற்று, உழவு, உரம், மருந்து, நம்ம களையெடுப்பு ஒண்ணுமே சேரவில்லை. விலை நாலில் ஒரு பங்காகக் குறையும்போது வருமானம் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது பாருங்க. திண்டுக்கல் மாவட்டம் அய்யலூரில் தக்காளிக்கென்றே தனி மார்க்கெட் இருக்கு. விலை விழுகிற வருசம் அங்கே ரோட்டோரம் தக்காளியைக் கொட்டிவிட்டுப் போகிற படம் பேப்பரில் வரும். டவுன்காரர்கள் "ஐயோ, யாருக்காவது சும்மா குடுத்திருக்கலாமே" என்பார்கள். சும்மா கொடுக்கவும் வண்டி வாடகை வேணுமே.

இந்த நிலைமையில்தான் உழவர் சந்தை வந்தது. 1999 நவம்பர் 14-ம் தேதி, தமிழ்நாட்டிலேயே முதல் உழவர் சந்தையை மதுரை அண்ணா நகரில் அன்றைய முதலமைச்சர் கருணாநிதி திறந்து வைத்தார். நம்ம ஊரில்தான் முதலில் என்பதை நம்ம பிள்ளைகளுக்கே தெரியாமல் இருக்கு. இதுக்கு முன்னாடி 1987-ல் பஞ்சாப் பக்கம் 'அப்னி மண்டி' என்று விவசாயிகளே நேராக விற்கிற சந்தை வந்திருந்தது. 1999 ஜனவரியில் ஆந்திராவில் 'ரைத்து பஜார்' ஆரம்பித்தார்கள். அதைப் பார்த்துத்தான் இங்கே யோசித்திருக்கிறார்கள். ஒன்றரை வருசத்துக்குள் தமிழ்நாடு முழுக்க ஏறத்தாழ நூறு சந்தை வந்துவிட்டது. நம்ம பக்கம் பழங்காநத்தம், சொக்கிகுளம், ஆனையூர், திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர் எல்லாம் அப்படி வந்ததுதான்.

அதில் புதுசு என்ன என்று யோசித்தால் கட்டடம் இல்லை. மண்டியில் மூணு இடத்தில் நமக்கு அடி விழுந்தது: தராசு, கமிஷன், மறைத்துப் பேசுகிற விலை. மூணையும் அங்கே எடுத்துவிட்டார்கள். தராசு சர்க்கார் தராசு, காலையில் வாங்கிக்கொண்டு மத்தியானம் திருப்பிக் கொடுக்கணும். கமிஷன் கிடையாது, கடை வாடகையும் கிடையாது. விலையை விடியக்காலையில் அதிகாரிகள் மொத்த மார்க்கெட் விலை, கடைத்தெரு விலை இரண்டையும் விசாரித்து, மொத்த விலையை விட 100-க்கு 20 போல கூடவும், கடை விலையை விட 15 போல குறைச்சலாகவும் வைத்து, போர்டில் எழுதிப் போடுவார்கள். நிலம் எவ்வளவு, என்ன போட்டிருக்கு என்று தோட்டத்தைப் பார்த்து, போட்டோ ஒட்டிய அடையாள அட்டை கொடுத்தார்கள். சரக்குக்கு அரசு பஸ்ஸில் சுமைக்கூலி இல்லை.

போர்டு எழுதிப் போட்டது சின்ன விஷயம் மாதிரி இருக்கும். எனக்கு அதுதான் பெருசாத் தெரியுது. படிக்கத் தெரியாத எங்க மாமியாருக்கே அந்த நம்பர் தெரியும். ஊருக்குத் திரும்பி வந்து "இன்னைக்கு தக்காளி 12" என்று அவங்க சொன்னால், மண்டிக்குப் போகிற வீட்டுக்காரங்களுக்கும் அது ஒரு பிடிமானம். துண்டுக்கு அடியில் இருந்த விலை வெளியே வந்தது.

முன்னாடி போட்ட கணக்கையே இங்கே போடுங்க. மொத்த விலை கிலோ 10 என்று வைப்போம். மண்டியில் பெட்டி 140. கமிஷன் 14, செலவு 40 போக 86 ரூபாய், கிலோவுக்கு 6 சொச்சம். சந்தையில் கிலோ 12 என்றால் 14 கிலோவுக்கு 168. பறிகூலி 20 மட்டும் போக 148, கிலோவுக்கு பத்தரை ரூபாய். 50 கிலோ கொண்டுபோனால் மண்டியை விட 220 ரூபாய் கூட. வாங்குகிற டவுன் அக்காவுக்கும் கடையை விடக் குறைச்சல். சண்டை இல்லாமல் இரண்டு பேருக்கும் லாபம் வந்தது இடையில் இருந்த தூரம் குறைந்ததால்தான்.

ஆனா அந்த 220 சும்மா வரவில்லை. சாயங்காலம் பறித்து, தரம் பிரித்து, ராத்திரி இரண்டு மணி, மூணு மணிக்கு எழுந்து முதல் வண்டியைப் பிடித்து, வெள்ளனா போய் இடம் வாங்கி, மத்தியானம் வரை உட்கார்ந்து, வீட்டுக்கு வந்து உலை வைக்கணும். சந்தையில் போய்ப் பாருங்க, தராசுக்குப் பின்னாடி பாதிக்கு மேலே பொம்பளைங்கதான். கமிஷன் மிச்சம் என்று கணக்கு எழுதுகிறவர்கள் நம்ம தூக்கத்தை எந்தக் கலத்திலும் எழுதுகிறதில்லை. அப்படியும் ஏன் போகிறார்கள் என்றால், மண்டிச் சீட்டு வீட்டுக்காரங்க பையில் வரும், சந்தைக் காசு நம்ம முந்தானையில் வரும். குழுச் சேமிப்பை வாரம் தவறாமல் கட்டினவர்களில் சந்தைக்குப் போகிறவர்கள் நிறைய என்பதை எங்க குழுவில் நானே கணக்கு எழுதிப் பார்த்திருக்கிறேன்.

சந்தைக்கும் இறங்குகாலம் வந்தது. 2001-ல் ஆட்சி மாறினதும் பல சந்தைகளைக் கவனிக்க ஆளில்லாமல் போனது, சிலது மூடியே கிடந்தது. 2006-க்குப் பிறகு திரும்ப உயிர் வந்தது. நடுவில் வியாபாரிகளே விவசாயி அட்டையில் உட்கார்ந்துவிட்டார்கள் என்ற புகார் ஆரம்பத்தில் இருந்தே உண்டு. 2020 கொரோனா ஊரடங்கில் கூட்டம் சேரக்கூடாது என்று பஸ் ஸ்டாண்டுக்கும் மைதானத்துக்கும் சந்தைகளை மாற்றி நடத்தினார்கள். பஸ் இல்லை, அதனால் ஊரில் இருந்து சரக்கு கொண்டுவர முடியாமல் தவித்ததை மறக்க முடியாது.

ஆனா சந்தையால் முடியாத ஒண்ணு இருக்கு. ஏக்கருக்கு 12 டன் என்றால், பத்துப் பன்னிரண்டு பறிப்பு, ஒரு பறிப்புக்கு ஒரு டன் வரும். ஒரு பொம்பளை ஒரு காலைப்பொழுதில் உட்கார்ந்து எடை போட்டு விற்கக்கூடியது 50, 60 கிலோ. மிச்சம் மண்டிக்குத்தான். அதனால் சந்தையில் நிலைத்து நின்றவர்கள் யாரு என்று பார்த்தால், ஒரு ஏக்கர் முழுக்கத் தக்காளி போட்டவர்கள் இல்லை. 15 சென்ட் தக்காளி, 10 சென்ட் கத்தரி, கொஞ்சம் வெண்டை, கீரை, பாத்தி பாத்தியாகப் பிரித்து, 20 நாள் இடைவெளி விட்டு நட்டவர்கள். ஒரு ஏக்கர் தக்காளி என்பது கொள்முதல் லாரிக்கான பயிர். இரண்டையும் ஒண்ணா நினைத்துக் கடன் வாங்கினால்தான் சிக்கல்.

லாரி உலகத்தில் விலை வைப்பது மதுரையும் இல்லை. கர்நாடகத்தில் கோலார், ஆந்திராவில் மதனப்பள்ளி இரண்டும் பெரிய தக்காளி மார்க்கெட். அங்கே மழை அடித்தால் இங்கே விலை ஏறும், அங்கே குவிந்தால் இங்கே விழும். 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அரசாங்கம் ரேஷன் கடையில் 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது. ஆகஸ்டில் நேபாளத்தில் இருந்துகூட இறக்கினார்கள். அந்த விலையில் நம்ம பக்கம் சம்பாதித்தவர்கள் ரொம்பக் கொஞ்சம், ஏன்னா செடியில் பழம் இருந்தால்தானே விலை ஏறாது. விலையைப் பார்த்து ஆசைப்பட்டு ஊரே நட்டது. நாற்று 25 நாள், நட்டு 70 நாள். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பழுத்தபோது விலை தரையில் கிடந்தது. பொருளாதாரம் படித்தவர்கள் இந்த ஏத்த இறக்கத்துக்கு சிலந்தி வலை என்றே பேர் வைத்திருக்கிறார்களாம். பேர் பொருத்தம்தான்.

ரிசர்வ் வங்கியின் ஆய்வாளர்கள் 2024-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். தக்காளி வாங்குகிறவர் 100 ரூபாய் கொடுத்தால் அதில் விளைவித்தவர் கைக்கு வருவது 33 ரூபாய் போல என்று. வெங்காயத்துக்கு 36, உருளைக்கிழங்குக்கு 37. மூணிலும் குறைச்சல் தக்காளிக்குத்தான், ஏன்னா மூணிலும் சீக்கிரம் அழுகுவது அதுதான். 2018 மத்திய பட்ஜெட்டில் இந்த மூணு காய்க்காகவே 500 கோடி ரூபாயில் ஒரு திட்டம் அறிவித்தார்கள். நம்ம ஊர்த் தோட்டத்தில் அதன் அடையாளத்தை நான் பார்த்ததில்லை.

அப்போ நம்ம கையில் இருப்பது என்ன? அட்வான்ஸ்தான். இதே மதுரையில் 1990-ல் அழகர்கோவில் பக்கத்துக் கிராமங்களில் களஞ்சியம் குழுக்கள் ஆரம்பித்தபோது, பொம்பளைங்க முதலில் உடைத்தது வட்டிக்காரர் பிடியைத்தான். புல்லுச்சேரி சின்னப்பிள்ளை அம்மா, கூலி வேலை பார்த்தவங்க, எழுத்து தெரியாதவங்க, அந்த வேலைக்காக 2001 ஜனவரியில் டெல்லியில் விருது வாங்கினாங்க. பிரதமர் வாஜ்பாய் அவங்க காலைத் தொட்டுக் கும்பிட்டதை டிவியில் பார்த்தபோது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. 2019-ல் பத்மஸ்ரீயும் கொடுத்தாங்க. வெளி வட்டியில் இருந்து நம்மைப் பிரித்துக் கொண்டுவந்த அதே குழுப் பணம், மண்டி அட்வான்ஸில் இருந்தும் பிரிக்க முடியும். 20,000 ரூபாய் குழுவில் வாங்கி நாற்றும் மருந்தும் வாங்கினவர், எந்த மண்டியில் விலை கூடவோ அங்கே இறக்கலாம். எங்க ஊரில் மூணு பேர் அப்படிச் செய்து, ஒரே நாளில் பரவை விலையையும் மாட்டுத்தாவணி விலையையும் போனில் கேட்டுவிட்டுத்தான் வண்டி ஏத்துகிறார்கள்.

இதில் குழு மாத்திக்க வேண்டியதும் ஒண்ணு உண்டு. வாங்கின அடுத்த மாசமே தவணை என்றால், பழம் வர மூணு மாசம் ஆகிற பயிருக்கு அந்தத் தவணையைக் கட்ட, திரும்ப மண்டியில்தான் கை நீட்டணும். குழுக் கடனைக் கட்ட மண்டிக் கடன் வாங்கின கதை நமக்குள் நிறைய இருக்கு. பயிர்க்கடனுக்கு மட்டும் முதல் மூணு மாசம் வட்டி, பறிப்பு நடக்கிற இரண்டு மாசத்தில் அசல் என்று எங்க குழுவில் போன வருசம் தீர்மானம் போட்டோம். இதைக் கூட்டமைப்பு பொதுக்குழுவில் எல்லாக் குழுவுக்கும் வைக்கணும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொண்ணு, விலை நோட்டு. எங்க குழுவில் 40 பக்க நோட்டு ஒண்ணு போட்டிருக்கோம். தேதி, பழங்காநத்தம் சந்தைப் போர்டு விலை, பரவை பெட்டி விலை, ஊரில் புதுசா எத்தனை பேர் எத்தனை சென்ட் நட்டாங்க, இவ்வளவுதான் கலம். நாலாவது கலத்தைப் பார்த்துவிட்டுத்தான் இப்போ யாரும் தக்காளிக்குக் கடன் கேட்கிறாங்க. போன தையில் 11 பேர் நட்டதாக எழுதியிருந்ததைப் பார்த்து, பன்னிரண்டாவதாக இருந்த அக்கா அவரைக்காய்க்கு மாறினாங்க. நோட்டு எங்க ஊக்குநர் வீட்டில் இருக்கு, எந்தக் குழுவுக்கு வேணும்னாலும் வந்து பார்த்துக் காப்பி எடுத்துக்கலாம்.